வாட்டர்கலர் பென்சிலில் கோடு கரையவில்லை: அடுத்து எதை வாங்குவது?

கேள்வி இது: "24 நிற வாட்டர்கலர் பென்சில் செட் ஒன்று வாங்கினேன். தண்ணீர் தொட்ட பிறகும் போட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன. இன்னொரு தடவை பிரஷ்ஷால் தேய்த்தால் காகிதம் நூல் நூலாகப் பெயர்கிறது. விலை கூடிய செட் வாங்கினால் சரியாகிவிடுமா? இங்க்டென்ஸ், நியோகலர், கரையும் கிராஃபைட் என்று இன்னும் என்னென்னவோ விற்கிறார்கள். இவற்றில் எது எதற்கு?"

விலை கூடிய செட்டுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் காகிதத்தை மாற்றிப் பாருங்கள். காகிதம் பெயர்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கார்ட்ரிட்ஜ் பேப்பரிலோ ஐவரி அட்டையிலோ வரைகிறீர்கள் என்று தோன்றுகிறது. பள்ளி டிராயிங்குக்கும் சாதாரண கலர் பென்சிலுக்கும் அவை போதும். தண்ணீரைத் தாங்காது. கோடு கரையாத பிரச்சினையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாட்டர்கலருக்கென்று செய்யும் தாளில் ஜெலட்டினோ அது மாதிரி வேறு பசையோ ஏற்றியிருப்பார்கள். அந்தப் பசைதான் தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்துகிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் பென்சில் கோடு கரைந்து பரவ முடியும். பசை குறைந்த தாளில் தண்ணீர் பட்டதுமே உள்ளே இறங்கிவிடும். இறங்கும்போது நிறத்தையும் இழுத்துப்போய் நாருக்குள் பூட்டிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கோடு நகராது, நார்தான் பெயரும். தாளைச் சோதிப்பது எளிது. ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் சொட்டு மேடாக நின்றால் அந்தத் தாள் ஆகும். வைத்த உடனே கறுத்து உள்ளே போனால் ஆகாது. கையால் செய்த காகிதத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். பார்க்க அழகாக இருக்கும், தடிமனாகவும் இருக்கும், ஆனால் பசை எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பது வகைக்கு வகை மாறும்.

தாளின் எடை 300 ஜிஎஸ்எம் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை என்று பொருள். 200க்குக் கீழே போனால் ஈரம் பட்டதும் அலை அலையாக நெளிந்து, நிறம் பள்ளங்களில் போய்த் தேங்கும். முழுப் பருத்தித் தாள்தான் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பழகும் காலத்தில் வேண்டாம் என்பேன். மரக்கூழில் செய்த 300 ஜிஎஸ்எம் தாளில் நிறம் மேலாகவே தங்குவதால் பென்சில் கோடு நன்றாகவே கரையும், தப்பானால் ஈரப் பிரஷ்ஷால் எடுத்துவிடவும் முடியும். நாலைந்து பூச்சுக்கு மேல் போகும்போதுதான் பருத்தியின் அருமை தெரியும். அப்போது ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு, ஃபாப்ரியானோ மாதிரி ஒன்றை முழுத் தாளாக வாங்குங்கள். 22 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாளை எட்டாக வெட்டினால், பதினோரு அங்குலத்துக்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். பெரும்பாலும் கட்டுப் புத்தகமாக வாங்குவதைவிட இது மலிவு.

தாளின் மேற்பரப்பு மூன்று வகை. ஹாட் பிரஸ் வழவழப்பானது, கோல்ட் பிரஸ் நடுத்தரச் சொரசொரப்பு, ரஃப் நல்ல கரடு. பென்சிலுக்கு மெல்லிய சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ்தான் பொதுவாக ஒத்துவரும். ரஃப் தாளில் பென்சில் முனை மேடுகளை மட்டும் தொட்டுப் போகும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். மாமல்லபுரத்துக் கருங்கல்லை வரைய அது வரம், முகம் வரைய இடைஞ்சல். பூ, இலை என்று நுணுக்கமாக வரைபவர்கள் ஹாட் பிரஸ்ஸை விரும்புவார்கள்.

சரி, நல்ல தாளிலும் கோடு நிற்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் கை அழுத்தம். சாதாரண கலர் பென்சிலில் நிறம் ஏற வேண்டுமானால் அழுத்துவோம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. அழுத்தினால் முனை தாளில் வாய்க்கால் வெட்டிவிடும். நிறம் கரைந்து வெளியே போனாலும், கரைந்த நீர் அந்த வாய்க்காலிலேயே வந்து தேங்கி, கோடு மறுபடி தெரியும். பென்சிலைப் படுக்கவைத்து, முனையின் பக்கவாட்டால், எடையே இல்லாத மாதிரி ஓட்டுங்கள். வெளிறித் தெரிந்தாலும் கவலை வேண்டாம். தண்ணீர் பட்டதும் நிறம் இரண்டு மடங்கு எழும்.

மூன்றாவதாகத்தான் பென்சில். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் விலை வித்தியாசம் புரியும். சாதாரண கலர் பென்சிலில் நிறப்பொடியை மெழுகோ எண்ணெயோ பிடித்து வைத்திருக்கும். வாட்டர்கலர் பென்சிலில் அந்த வேலையைப் பெருமளவுக்குத் தண்ணீரில் கரையும் பசை செய்கிறது. கூடவே வழுக்கிப் போக ஓரளவு மெழுகும், உடம்பு கொடுக்க வெள்ளைக் களிமண் மாதிரி ஒரு நிரப்பியும் இருக்கும். மாணவர் செட்டுகளில் நிறப்பொடி குறைந்து, நிரப்பியும் மெழுகும் கூடும். அதனால்தான் கரைத்தால் நிறம் வெளிறிப் போகிறது, கோட்டின் எலும்பு மட்டும் மெழுகாய் நிற்கிறது. இதை எந்த நுட்பத்தாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

கலர் பென்சிலைத் தண்ணீரில் கரையும்படி செய்யும் யோசனை புதிதல்ல. 1931ல் ஜெனீவாவின் காரன் டாஷ் நிறுவனம் பிரிஸ்மாலோ என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்தப் பென்சில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1870களிலிருந்தே, காப்பியிங் பென்சில் என்று ஒன்று அலுவலகங்களில் புழங்கியது. கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்தது, ஈரம் பட்டால் ஊதாவாகி அழியாமல் நிற்கும். நாக்கில் தொட்டு எழுதும் வழக்கம் அதிலிருந்து வந்தது. அந்தச் சாயம் உடம்புக்கு நல்லதல்ல. இன்றைய பென்சில்களையும் நாக்கில் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் பெரிய பகுதிக்கு வருகிறேன். தண்ணீரில் கரையும் பொருள் எதைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் தடவை எவ்வளவு கரைகிறது? காய்ந்த பிறகு மறுபடி கரைகிறதா? பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற விளம்பரத்தையெல்லாம் இந்த இரண்டுக்கு அப்புறம் படித்தால் போதும்.

வாட்டர்கலர் பென்சில்கள் காய்ந்த பின்னும் கொஞ்சம் கரையும். கேக் வாட்டர்கலரும் அப்படித்தான். அதனால் மேல் பூச்சு போடும்போது கீழ்ப் பூச்சு எழுந்து கலங்கும் ஆபத்து உண்டு. முதல் பூச்சிலேயே நன்றாகக் கரைத்து முழுசாகக் காயவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். பாதி கரைந்த கோடுகள்தான் அடுத்த தண்ணீருக்கு எழுந்து வந்து சேறாக்குகின்றன.

டெர்வெண்ட் நிறுவனத்தின் இங்க்டென்ஸ் பென்சில் இதற்கு நேர்மாறு. கரைத்துக் காயவிட்டால் அந்த நிறம் பிறகு நகராது, மை மாதிரி நின்றுவிடும். மேலே வேறு நிறத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் கீழே இருப்பது கலங்காது. பருத்தித் துணியில்கூட வேலை செய்கிறார்கள். நிறமும் பளீரென்று இருக்கும், சில சமயம் கூடுதலாகவே. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: தண்ணீர் படாத பகுதி நிலைபெறாது. ஓரத்தில் கரையாமல் விட்ட ஒரு கீற்று அடுத்த பூச்சில் திடீரென்று கரைந்து ஓடும். அந்தத் தொகுப்பிலேயே அவுட்லைனர் என்று ஒரு பென்சில் வரும். அது கரையாது, கோட்டுக்கானது. அதை நிறப் பென்சில் என்று நினைத்துக் கரைக்க முயல்பவர்கள் உண்டு. காய்ந்த பின் எடுக்க முடியாது என்பதால், திருத்தித் திருத்தி வரைபவருக்கு இங்க்டென்ஸ் பொருந்தாது. துணிந்து அடுக்கடுக்காகப் போடுபவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

நியோகலர் 2 பென்சில் அல்ல, காரன் டாஷ் செய்யும் மெழுகுக் கட்டி. குழந்தைகளின் கிரேயான் மாதிரி தோன்றும், ஆனால் நிறப்பொடி அடர்த்தியாக இருக்கும், தண்ணீரில் வெண்ணெயாய்க் கரையும். பெரிய பரப்பு, தடித்த வீச்சு, கறுப்புத் தாளில் வெளிச்சம் காட்டுவது என்றால் இதுதான். நுணுக்கத்துக்கு ஆகாது. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். நியோகலர் 1 என்பதும் அதே நிறுவனத்தின் சரக்கு, பார்க்கவும் அதே மாதிரி, ஆனால் தண்ணீரில் கரையாது. நம் ஊர் மே மாதத்தில் பைக்குள் வைத்து வண்டியில் விட்டால் மெழுகு இளகும், அதையும் நினைவில் வையுங்கள்.

கரையும் கிராஃபைட், அதாவது தண்ணீரில் கரையும் சாதாரண கறுப்புப் பென்சில், என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே மலிவான சந்தோஷம். ஃபேபர் காஸ்டலின் கிராஃபைட் அக்வாரெல், டெர்வெண்டின் ஸ்கெட்சிங் பென்சில், போர்ச்சுகல் நிறுவனமான வியார்கோவின் ஆர்ட்கிராஃப் கட்டி எல்லாம் இந்த வகை. 4பி அல்லது 8பி ஒன்று இருந்தால் போதும். நிறத்தைப் பற்றி யோசிக்காமல் வெளிச்சமும் நிழலும் மட்டும் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குபவரிடம் 24 நிறம் கொடுப்பதைவிட இதில் ஒன்றைக் கொடுக்கலாம்.

பிரஷ் பேனாக்கள் தனி இனம். டோம்போ டூயல் பிரஷ் மாதிரியானவை சாயத்தால் ஆனவை, அழகாகக் கரையும், கை எழுத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் நன்றாக இருக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும். படம் வரைந்து ஸ்கேன் எடுத்து அச்சுக்கு அனுப்புவதாக இருந்தால் வெளுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோட்டுக்கு மைப் பேனா வேண்டுமென்றால் பிக்மா மைக்ரான், பிட் ஆர்ட்டிஸ்ட் பேனா மாதிரி காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாதவை பாருங்கள். சாதாரண ஜெல் பேனாவையோ ஃபவுண்டன் பேனா மையையோ நம்பி மேலே தண்ணீர் ஓட்டாதீர்கள். தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வண்ணம் என்று ஆர்டிசான், கோப்ரா போன்றவை வருகின்றன. அவை எண்ணெய் ஓவியம் வரைபவர்கள் டர்பெண்டைன் வாசனையிலிருந்து தப்பிக்கச் செய்தவை. உங்கள் கேள்விக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

வாட்டர்கலர் பென்சில்களுக்குள் எது என்றால், கலைஞர் தரத்தில் எளிதாகக் கிடைப்பது ஃபேபர் காஸ்டலின் ஆல்பிரெக்ட் ட்யூரர். 120 நிறம், முனை ஓரளவு கெட்டி, சீவினால் கூர் நிற்கும், நன்றாகக் கரையும். காரன் டாஷில் மூன்று படி இருக்கிறது. பிரிஸ்மாலோ கெட்டி முனை, நுண்கோட்டுக்கு. சூப்ராகலர் மென்மை, 120 நிறம். மியூசியம் அக்வாரெல் அதைவிட மென்மை, நிறப்பொடி மிக அடர்த்தி, விலையும் அப்படியே. 76 நிறம் கொண்ட அந்த வரிசையை நான் பென்சில் என்று சொல்லத் தயங்குவேன். அது மரத்துக்குள் வைத்த வாட்டர்கலர் வண்ணம், ஒரு கோடு போட்டால் கையகலத்துக்குப் பரவும். டெர்வெண்ட் வாட்டர்கலர் 72 நிறம், கொஞ்சம் மங்கிய இயற்கை நிறங்கள், நிலக்காட்சிக்கு இதம். செக் நாட்டு கோஹினூரின் மொண்டெலூஸ் விலைக்கு நல்ல பென்சில்.

ஒரே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஃபேபர் காஸ்டல் பெயரிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கான செட், நடுத்தர கோல்ட்ஃபேபர் அக்வா, கலைஞர்களுக்கான ஆல்பிரெக்ட் ட்யூரர் என்று வேறு வேறு தரம் இருக்கிறது. மூன்றிலும் வாட்டர்கலர் பென்சில் என்றே எழுதியிருக்கும்.

செட் வாங்குவதைவிட ஒற்றையாக வாங்குவதையே நான் சொல்வேன். நல்ல வரிசைகளில் பென்சில்கள் தனித்தனியாகவும் விற்பனைக்கு உண்டு. எலுமிச்சை மஞ்சள், காட்மியம் மஞ்சள், ஸ்கார்லெட் சிவப்பு, மெஜந்தா சாயலில் ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன், தாலோ நீலம், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, ஆலிவ் பச்சை, டார்க் செப்பியா, டார்க் இண்டிகோ. இந்த 11 போதும். கறுப்பு வேண்டாம். இண்டிகோவும் செப்பியாவும் சேர்ந்தால் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். வெள்ளைப் பென்சிலும் கரைப்பதற்கு உதவாது, மாவு பூசிய மாதிரி ஆகும். தாளின் வெள்ளையை விட்டு வைப்பதுதான் வாட்டர்கலரில் வெள்ளை.

வாங்கியதும் முதல் வேலை, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுத் தாளில் தீட்டி, பாதியை மட்டும் கரைத்து வைப்பது. உலர்ந்த கோட்டின் நிறமும் கரைந்த நிறமும் ஒன்றாக இருக்காது. இருட்டான நீலங்களில் வித்தியாசம் திடுக்கிட வைக்கும். பென்சிலின் மேல் பூச்சு நிறத்தை நம்பி எடுத்தால் ஏமாற்றமே.

இனி கை வேலை. கத்தரிக்காயை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் வாட்டர்கலர் பென்சிலில் வரக்கூடிய பெரும்பாலான சிக்கல் அதில் இருக்கிறது: வழவழப்பு, கூர்மையான ஒளிப்பொட்டு, இருண்ட ஊதா, மேலே முள்ளுள்ள பச்சைக் காம்பு.

வெளிக்கோட்டை சாதாரணப் பென்சிலால் போடாதீர்கள். மேலே நிறம் ஓடிக் காய்ந்தால் கிராஃபைட் உள்ளே மாட்டிக்கொள்ளும், ரப்பருக்கு வராது. மெஜந்தா பென்சிலாலேயே மெல்ல வரையுங்கள், பிறகு அது பூச்சோடு கரைந்துவிடும். ஒளிப்பொட்டின் எல்லையை இப்போதே குறித்துவிடுங்கள். அதற்குள் எந்தப் பென்சிலும் நுழையக் கூடாது.

முதல் பூச்சு மெஜந்தா. காயின் வளைவை ஒட்டியே கோடுகள் போகட்டும். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால், கரையாத மிச்சம் ஏதும் இருந்தால் கண்ணுக்கு உறுத்தும். வளைவோடு போனால் மிச்சமும் வடிவத்துக்கே உதவும். அப்புறம் 8 எண் ரவுண்ட் பிரஷ் (முனை கூராகக் குவியும் வகை), செயற்கை முடியே போதும். நனைத்து, ஒரு துணியில் ஒரு தட்டு தட்டி, வெளிச்சமான பகுதியிலிருந்து இருட்டை நோக்கி ஓட்டுங்கள். மாறிப் போனால் இருட்டு நிறம் வெளிச்சத்துக்குள் வந்துவிடும். ஒரு இடத்தில் இரண்டு மூன்று வீச்சுக்கு மேல் வேண்டாம். நீங்கள் தேய்ப்பதால் கோடு கரைவதில்லை, தண்ணீர் நிற்கும் நேரத்தில்தான் கரைகிறது. ஈரத்தை வைத்துவிட்டுச் சில நொடி காத்திருந்து மறுபடி ஒரு வீச்சு விட்டால் பிடிவாதமான கோடும் அவிழும். பெரும்பாலானோர் சின்னப் பிரஷ்ஷில் கொஞ்சூண்டு தண்ணீரை வைத்துக்கொண்டு தேய்க்கிறார்கள். கோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முழுசாகக் காயட்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. ஈரம் மிச்சமிருக்கும் தாளில் பென்சில் வைத்தால் முனை கூழாகித் தாளைக் கிழிக்கும். அடுத்து அல்ட்ராமரைன், நிழல் பக்கம் மட்டும், மெஜந்தாவின் மேல். கரைத்ததும் ஊதா பிறக்கும். இந்த ஊதா, ஊதாப் பென்சில் தரும் ஊதாவைவிட ஆழமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு நிறமும் முழுசாகக் கலக்காமல் அங்கங்கே தனித்துத் தெரியும். மூன்றாவது பூச்சு இண்டிகோ, மிக இருண்ட பட்டையில் மட்டும். காயின் கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றை வெளிறலாகவே விட்டுவிடுங்கள். மேசையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் அங்கேதான் விழும். அந்தக் கீற்று இல்லாவிட்டால் காய் தட்டையாகப் போய்விடும்.

காம்புக்கு ஆலிவ் பச்சையோடு கொஞ்சம் சியன்னா. முள்ளும் நரம்பும் கடைசியில், உலர்ந்த தாளில், உலர்ந்த கூரிய பென்சிலால். இன்னும் அழுத்தமான கோடு வேண்டுமென்றால் முனையைத் தண்ணீரில் தொட்டுப் போடலாம், மை மாதிரி கறுப்பாக இறங்கும். அப்படி நனைந்த பென்சிலை உடனே சீவாதீர்கள். ஈர முனை சீவியில் ஒட்டி முறியும். தண்ணீர் டம்ளரில் போட்டு வைக்கவும் கூடாது, மரம் ஊதி வெடிக்கும்.

பென்சில் கோடே தெரியாத வழுவழுப் பூச்சு வேண்டுமானால் தாளில் நேரடியாகத் தீட்டாதீர்கள். பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் பென்சிலைத் தேய்த்து, ஈரப் பிரஷ்ஷால் நிறத்தை எடுத்துப் பூசுங்கள். வாட்டர்கலர் தட்டுதான் அது. பிரஷ்ஷைப் பென்சில் முனையிலேயே தடவியும் நிறம் எடுக்கலாம், சின்ன இடங்களுக்கு அது போதும். ஆனால் வானம், கடல் என்று பெரிய பரப்புக்குப் பென்சிலோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு நீல ட்யூபை வாங்கி பெரிய பிரஷ்ஷில் போட்டுவிட்டு, மேலே பென்சில் வேலையைச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து நன்றாகவே பழகும்.

தப்பைத் திருத்துவது பற்றி. தண்ணீர் படுவதற்கு முன்னால் என்றால் பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்தால் ஓரளவு வரும். பட்ட பிறகு என்றால் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் நனைத்து டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் சாயம் மாதிரி தாளைப் பிடித்துக்கொள்ளும், எளிதில் வராது. அவற்றை மட்டும் யோசித்துப் போடுங்கள்.

வெளுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் வெயிலில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மலிவு செட்டுகளில் முதலில் போவது பளீர் ரோஸ், மெஜந்தா, ஊதா.  அல்ட்ராமரைன், காவி நிறங்கள், தாலோ நிறங்கள் எல்லாம் நன்றாகத் தாங்குபவை. ஃபேபர் காஸ்டல் தன் கலைஞர் பென்சில்களில் நட்சத்திரக் குறி போடுகிறது: மூன்று என்றால் நன்றாகத் தாங்கும், ஒன்று என்றால் சுமார். கலர் பென்சில்களுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி6901 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி 1, 2 என்று தரம் போட்டவை சுவரில் மாட்டத் தகுந்தவை. இங்க்டென்ஸ் வரிசையில் சில நிறங்கள் இந்த விஷயத்தில் பலவீனமானவை, எனவே நிறுவனம் தரும் அட்டவணையைப் பார்த்து எடுங்கள். குறி எதுவுமே இல்லாத செட் என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். நிறப் பட்டைகளைத் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, மேற்கு வெயில் விழும் சன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் எவை தேறும், எவை தேறாது என்று தெரிந்துவிடும். பயிற்சி நோட்டுக்குள்ளேயே இருக்கப்போகும் படங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. விற்கவோ பரிசளிக்கவோ போகிறீர்கள் என்றால் கட்டாயம் தேவை.

நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்கு இன்னும் சில. கோடையில் மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் பூச்சு நீங்கள் முடிப்பதற்குள் காய்ந்து கறைக்கோடு விழும். ஃபேனை அணைத்துவிட்டு, ஒரு தடவைக்குச் சின்னப் பகுதியாக எடுத்துக் கரையுங்கள். மழைக்காலத்தில் சென்னை, நாகப்பட்டினம் பக்கம் இதற்கு மாறாக, காயவே காயாது. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டலாம். அதே ஈரக்காற்று தாளின் பசையையும் கெடுக்கும். பழைய தாளில் பூச்சு திட்டுத் திட்டாக விழுந்தால் பசை அங்கங்கே செத்துவிட்டது என்று அர்த்தம். தாள்களை பிளாஸ்டிக் உறையில், சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி வையுங்கள். தேன் கலந்து செய்யும் வாட்டர்கலர் ட்யூப்கள் கடலோர ஈரத்தில் தட்டில் பிசுபிசுவென்றே கிடக்கும். பென்சிலுக்கு அந்தத் தொல்லை கிடையாது, பயணத்துக்குப் பென்சிலை நான் விரும்புவதற்கு அது ஒரு காரணம். ஆறு பென்சில், கைப்பிடியிலேயே தண்ணீர் அடைத்த வாட்டர் பிரஷ் ஒன்று, உள்ளங்கை அளவு நோட்டு. ரயில் சன்னலோரத்தில் அதற்கு மேல் இடமும் இல்லை. பென்சில்களை மட்டும் கீழே போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே முனை துண்டு துண்டாக உடைந்திருக்கும், பிறகு சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும்.

படத்தைச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் பூத்து, கரையும் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, உங்கள் 24 பென்சிலைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் 300 ஜிஎஸ்எம் தாளும் 8 எண் பிரஷ்ஷும் வாங்கி அதே பென்சில்களைப் பாருங்கள். கோடு கரைந்து நிறம் மட்டும் வெளிறலாக இருந்தால், ஆல்பிரெக்ட் ட்யூரரில் அல்ட்ராமரைன், மெஜந்தா, செப்பியா மூன்றை மட்டும் ஒற்றையாக வாங்கி உங்கள் செட்டோடு கலந்து வரையுங்கள். அந்த மூன்றும் பிடித்துப்போனால் மீதி எட்டையும் மெல்லச் சேர்க்கலாம். கூடவே 4பி கரையும் கிராஃபைட் ஒன்று. இங்க்டென்ஸும் நியோகலரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இங்க்டென்ஸில் 12 நிறப் பெட்டிக்கு மேல் முதலில் போக வேண்டாம்.